டென் ஹாக் போயிட்டார், பில் மட்டும் இன்னும் வருது: யுனைடெட் ட்ரான்ஸ்ஃபர் கணக்கு

2025 மார்ச்ல மான்செஸ்டர் யுனைடெட் பங்குதாரர் ஜிம் ரேட்க்ளிஃப் பிபிசிக்கு குடுத்த பேட்டில ஒரு விஷயம் சொன்னார். இந்த சம்மர்ல நாங்க ஆன்டனியை வாங்குறோம், கசெமீரோவை வாங்குறோம், ஒனானா, ஹோய்லண்ட், சான்சோ எல்லாரையும் வாங்குறோம்ங்கற மாதிரி. கேட்ட ரசிகர்ல பாதி பேருக்கு தலை சுத்திருச்சு. ஆன்டனி வந்தது 2022ல, சான்சோ 2021லயே வந்தாச்சு, ரெண்டு பேரும் அந்த நேரத்துல லோன்ல வேற கிளப்புக்கு ஆடிட்டு இருந்தாங்க, அப்புறம் எப்படி புதுசா வாங்குறது?

அவர் சொன்னது தப்பில்ல. ஆனா முழுசாவும் இல்ல. ஒரு ப்ளேயரை வாங்கினா காசு எப்ப போகுது, கணக்குல எப்ப ஏறுது, அந்த ப்ளேயரை கேட்ட மேனேஜர் போன பிறகு யார் தலைல விழுதுன்னு புரிஞ்சாதான் இந்த பேட்டியும் புரியும், 2022ல இருந்து 2024 வரைக்கும் யுனைடெட் மேனேஜரா இருந்த எரிக் டென் ஹாக் பத்தி, தப்பா வாங்கினது அவரா இல்ல கிளப்பான்னு ரெண்டு பக்கமும் நடக்குற சண்டையும் புரியும். அடிப்படைல இருந்தே போவோம்.

ஒரே விலை, மூணு கணக்கு

நியூஸ்ல "50 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினாங்க"ன்னு ஒரே ஒரு நம்பர் வரும். கிளப் உள்ள அது மூணு இடத்துல மூணு விதமா இருக்கும்.

1. கைக்காசு. விக்கிற கிளப்புக்கு முழுப் பணமும் ஒரே நாள்ல போறது ரொம்ப அபூர்வம். மூணு தவணை, நாலு தவணைன்னு வருஷா வருஷம் போகும். ரேட்க்ளிஃப் பேசினது இதைத்தான். சான்சோவுக்கு மட்டும் அந்த சம்மர்ல 17 மில்லியன் பவுண்ட் கட்டணும்னு அவரே சொன்னார். வண்டி வித்துப் போன பிறகும் டியூ கட்டுற கதை.

2. கணக்குப் புத்தகம். இதுக்கு அமார்டைசேஷன்னு பேரு. விலையை காண்ட்ராக்ட் வருஷத்தால வகுத்து, வருஷத்துக்கு ஒரு பங்குன்னு செலவா எழுதுறது. 50 மில்லியன், 5 வருஷ காண்ட்ராக்ட்னா வருஷம் 10. தவணை எப்படி வேணா இருக்கட்டும், மொதல் நாளே முழுசா கட்டியிருந்தாலும் சரி, புத்தகத்துல 10, 10, 10ன்னுதான் ஏறும்.

3. சம்பளம். விலைல சேராது, தனி. பல சமயம் நிஜமான தலைவலி இதுதான், ஆனா யாரும் தலைப்புச் செய்தியா போடறதில்ல.

இந்த மூணையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறதுனாலதான் "இவ்ளோ காசுக்கு வாங்குறாங்களே, அப்புறம் காசில்லன்னு ஏன் அழறாங்க"ன்னு கேள்வி வருது.

புக் வேல்யூ

அமார்டைசேஷன் போக மீதி நிக்கிற தொகைதான் புக் வேல்யூ. மேல சொன்ன அதே 50 மில்லியன் ப்ளேயர், ரெண்டு வருஷம் கழிச்சு புத்தகத்துல 30. இப்ப 35க்கு வித்தா, வாங்கின விலையை விட கம்மியா வித்திருந்தாலும் புத்தகத்துல 5 லாபம். 20க்கு வித்தா 10 நஷ்டம், அதுவும் அந்த ஒரே வருஷக் கணக்குல மொத்தமா வந்து உக்காரும்.

இப்ப நிஜ ஆளை எடுப்போம். ஆன்டனி, 2022 ஆகஸ்ட் கடைசி, அயாக்ஸ்ல இருந்து 95 மில்லியன் யூரோ, அதுக்கு மேல 5 போனஸ். காண்ட்ராக்ட் 2027 வரைக்கும். 95ஐ அஞ்சால வகுத்தா வருஷம் 19. மூணு வருஷம் ஓடினா 57 கழிஞ்சு 38 மீதி. 2025 செப்டம்பர்ல ரியல் பெட்டிஸுக்கு போன விலை சுமார் 22 மில்லியன் யூரோ, போனஸ் ஒரு 3. இந்த நேர்கோட்டுக் கணக்குப்படி 15 மில்லியனுக்கு மேல ஓட்டை, அதுவும் மூணு வருஷம் கழிச்சு. 2023லயே விக்கலாம்னு ஒரு கூட்டம் கத்துச்சு, அப்ப புக் வேல்யூ 76, அன்னிக்கு யாராவது 25 குடுத்திருந்தா ஒரே அடில 51 மில்லியன் நஷ்டம். அதனாலதான் கிளப்புகள் மோசமான ப்ளேயரை உடனே தள்ளி விடாம இழுத்துட்டே போறாங்க. ஆளை பிடிக்கும்கறதால இல்ல, புக் வேல்யூ கரையட்டும்னு.

லோன் குடுக்குறதும் இதே தந்திரம்தான். லோன்ல போனாலும் அமார்டைசேஷன் யுனைடெட் புத்தகத்துலதான் ஓடும், ஆனா சம்பளத்துல ஒரு பங்கு வேற கிளப் ஏத்துக்கும், நடுவுல அந்த பையன் நல்லா ஆடிட்டா விலையும் ஏறும். ஆன்டனி விஷயத்துல அதுதான் நடந்துச்சு. 2025 ஜனவரில பெட்டிஸ் போய் கான்ஃபரன்ஸ் லீக் ஃபைனல் வரைக்கும் டீமை இழுத்துட்டு போனார். யுனைடெட்டோட ஓல்ட் டிராஃபோர்டே கைகழுவின ஆளுக்கு பெட்டிஸ் ஊரான செவில்ல பாட்டு பாடினாங்க.

ராஸ்மஸ் ஹோய்லண்ட் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். 2023ல அட்டலாண்டால இருந்து 64 மில்லியன் பவுண்ட், 5 வருஷம், அப்போ வருஷம் 12.8. ரெண்டு வருஷத்துல 38.4 மீதி. 2025 சம்மர்ல நபோலிக்கு லோன்ல குடுத்தப்போ, நபோலி சாம்பியன்ஸ் லீக் தகுதி வாங்கினா 44 மில்லியன் யூரோ குடுத்து வாங்கியே ஆகணும்னு ஒரு ஷரத்து. அதை பவுண்டுக்கு மாத்திப் பாருங்க, கிட்டத்தட்ட 38. தற்செயல்னு எனக்கு தோணல. புத்தகத்துல நஷ்டம் வராத விலை எதுவோ அதுக்கு கீழ இறங்க மாட்டோம்னு யாரோ கால்குலேட்டரோட உக்காந்திருக்காங்க.

105 மில்லியன் கோடு, அப்புறம் மெக்டாமினே

சரி, நஷ்டம்னா நஷ்டம், பணக்கார ஓனர் இருக்கான், கட்டிட்டு போறான்னு விடலாமே? முடியாது. இந்தக் காலகட்டம் முழுக்க ப்ரீமியர் லீக்ல இருந்த விதிக்கு பிஎஸ்ஆர்னு பேரு. மூணு வருஷத்துல சேத்து அதிகபட்சம் 105 மில்லியன் பவுண்ட் நஷ்டம் காட்டலாம், அதுவும் பெரும்பகுதி ஓனர் தன் பணத்தை போட்டு நிரப்பினாத்தான். அகாடமி, மகளிர் டீம், ஸ்டேடியம் செலவெல்லாம் இதுல கழிச்சுக்கலாம். தாண்டினா என்னாகும்னு எவர்டனை கேக்கணும், 2023 நவம்பர்ல 10 பாயிண்ட் வெட்டி, அப்பீல்ல 6 ஆக்கி, அடுத்த கேஸ்ல இன்னொரு 2. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4. ஐரோப்பால ஆடுற கிளப்புக்கு ஐரோப்பிய கால்பந்து அமைப்பான யூயிஃபாவோட விதி வேற தனியா இருக்கு, அதுல யுனைடெட் 2023ல 3 லட்சம் யூரோ அபராதம் கட்டினாங்க. தொகை சின்னதுதான், ஆனா கோட்டுக்கு எவ்ளோ பக்கத்துல நின்னாங்கன்னு காட்டுது.

செல்சி இந்த வகுத்தல் கணக்கை வச்சே ஒரு விளையாட்டு காட்டினாங்க. 2023 ஜனவரில முட்ரிக்குக்கு எட்டரை வருஷ காண்ட்ராக்ட், என்ஸோ ஃபெர்னாண்டஸுக்கும் அதே மாதிரி. வருஷம் கூடினா வருஷத்துக்கு ஏறுற பங்கு குறையும் இல்லையா. யூயிஃபா முழிச்சுக்கிட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல வகுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, 2023 டிசம்பர்ல ப்ரீமியர் லீக்கும் அதையே எடுத்துக்குச்சு. காண்ட்ராக்ட் எட்டு வருஷம் போட்டுக்கலாம், வகுக்குறது அஞ்சாலதான்.

இப்ப இந்த ஆட்டத்தோட கொடூரமான பகுதி. அகாடமில வளந்த பையனுக்கு கிளப் விலையே குடுக்கல, அதனால அவன் புக் வேல்யூ பூஜ்யம். வித்தா வர்ற ஒவ்வொரு பவுண்டும் அப்படியே லாபம். ஸ்காட் மெக்டாமினே அஞ்சு வயசுல யுனைடெட் அகாடமிக்கு வந்தவர், 2024 ஆகஸ்ட்ல 25 மில்லியன் பவுண்டுக்கு நபோலிக்கு வித்தாங்க, 25ம் லாபம். அதே 25க்கு ஆன்டனியை வித்திருந்தா பெரிய நஷ்டம். ரெண்டு பேர்ல யார் டீமுக்கு உபயோகம்ங்கற கேள்வியே அங்க வரல. மெக்டாமினே நபோலி போய் முதல் சீசன்லயே லீக்ல 12 கோல், சீரி ஆ டைட்டில், சீசனோட சிறந்த ப்ளேயர் விருது. அவர் யுனைடெட்ல இருந்திருந்தா இப்படி ஆடியிருப்பாரான்னு கேட்டா, எனக்கு நம்பிக்கை இல்ல, அது வேற விஷயம். ஆனா 2022 கோடைல போட்ட ஒரு கையெழுத்துக்கான பில்லு 2024ல அகாடமி பையன் பேர்ல வந்துச்சுன்னு சொன்னா அது மிகை இல்ல.

இந்த விதி நிரந்தரமும் இல்ல. 2026-27 சீசன்ல இருந்து வருமானத்துல 85 சதவீதத்துக்கு மேல டீம் செலவு போகக் கூடாதுங்கற புது முறைக்கு கிளப்புகள் 2025 நவம்பர்ல ஓட்டு போட்டாச்சு. அமார்டைசேஷன் அதுலயும் செலவுலதான் சேரும். பேரு மாறும், வலி மாறாது.

சாவி எப்படி மேனேஜர் கைக்கு போச்சு

மேனேஜர் சராசரியா ரெண்டு, ரெண்டரை வருஷம்தான் தாக்குப் பிடிக்கிறார். ப்ளேயர் காண்ட்ராக்ட் அஞ்சு வருஷம். அப்போ ரெண்டு வருஷ ஆளு அஞ்சு வருஷக் கடனை முடிவு பண்றது முறையா? மத்த பெரிய கிளப் நிறைய பேர் இதுக்குத்தான் ஸ்போர்ட்டிங் டைரக்டர், ஃபுட்பால் டைரக்டர்னு ஒருத்தரை வச்சாங்க. மேனேஜர் மாறினாலும் அவர் மாற மாட்டார், டீம் எப்படி ஆடணும், எந்த வயசுல ஆளு எடுக்கணும்னு அவர்கிட்ட ஒரு கொள்கை இருக்கும், மேனேஜருக்கு அதுல பேச்சுரிமை உண்டு, ஆனா பேனா அவர் கையில இல்ல.

யுனைடெட்ல ஃபெர்குசன் இருந்த வரைக்கும் இது தேவைப்படல, 26 வருஷம் அவரேதான் கொள்கை. 2013 மே மாசம் அவரும் போனார், கிளப்போட வரவு செலவைப் பாத்த டேவிட் கில்லும் அதே கோடைல போனார். கில் இடத்துக்கு வந்தது எட் வுட்வர்ட். முதல் சம்மர்லயே தெரிஞ்சு போச்சு. மர்வான் ஃபெலெய்னிக்கு எவர்டன் காண்ட்ராக்ட்ல 23.5 மில்லியன் பவுண்டுக்கு ரிலீஸ் க்ளாஸ் (இந்த விலை குடுத்தா விட்டே ஆகணும்ங்கற ஷரத்து) இருந்துச்சு, ஜூலை கடைசியோட முடியுது. முடிய விட்டுட்டு, ஒரு மாசம் கழிச்சு கடைசி நாள்ல அதே ஆளை 27.5க்கு வாங்கினாங்க. 4 மில்லியன் காலண்டர் பாக்காததுக்கு. அந்த ஆளை எவர்டன்ல வச்சு ஆடவிட்டவரே, ஃபெர்குசனுக்கு அடுத்து யுனைடெட் மேனேஜரா வந்த டேவிட் மோயஸ்தான்ங்கறது இன்னும் வேடிக்கை.

அதுக்கப்புறம் ஒவ்வொரு மேனேஜரும் ஒரு அடுக்கு விட்டுட்டு போனாங்க. வான் கால் காலத்து டி மரியா 59.7க்கு வந்து ஒரே வருஷத்துல பாரிஸ் போனார். மொரின்யோ காலத்து போக்பா 89.3க்கு வந்து 2022ல சும்மா போனார், அதுக்கு முன்னாடி 2012லயும் இதே யுனைடெட்டை விட்டு காண்ட்ராக்ட் முடிஞ்சுதான் போயிருந்தார். சோல்ஷேர் காலத்து மக்வயர் 80. ஒவ்வொருத்தரும் தனித்தனியா மோசமான ப்ளேயர் இல்ல. ஆனா ஒருத்தருக்கு பந்தை வச்சு ஆடற டீம், அடுத்தவருக்கு எதிர்த்தாக்குதல், அதுக்கடுத்தவருக்கு வேற ஒண்ணு, இந்த எல்லாருடைய மிச்சமும் ஒரே டிரெஸ்ஸிங் ரூம்ல. கிளப் முதல் தடவையா ஒரு ஃபுட்பால் டைரக்டரை வச்சதே 2021 மார்ச்ல, ஜான் மர்ட்டோ. எட்டு வருஷம் கழிச்சு.

2022 ஆகஸ்ட் 13

டென் ஹாக் கதை இந்த ஒரு நாள்லதான் திரும்புச்சுன்னு நான் நினைக்கிறேன்.

அந்த சம்மர் பூரா யுனைடெட் ஃப்ரெங்கி டி யோங் பின்னாடி அலைஞ்சாங்க. பார்சிலோனாவோட விலை பேசியாச்சு, ஆனா பையன் வரல, பார்சிலோனா அவருக்கு தள்ளிப் போட்ட சம்பள பாக்கி வேற இருந்துச்சு. மாற்று யாருன்னு லிஸ்ட் இருந்த மாதிரியே தெரியல. முதல் மேட்ச்ல பிரைட்டன்கிட்ட சொந்த மைதானத்துல 2-1 தோல்வி. அடுத்த வாரம் ப்ரெண்ட்ஃபோர்ட். 10வது நிமிஷம் ஜோஷ் டாசில்வா தூரத்துல இருந்து உருட்டின பந்து கோல்கீப்பர் டி கியா உடம்புக்கு கீழ நழுவி உள்ள போச்சு. 18ல டி கியா குடுத்த பாஸை பாக்ஸ் வாசல்ல எரிக்சன் வாங்கித் திரும்பறதுக்குள்ள யென்சன் பறிச்சு அடிச்சார். 30ல கார்னர், பென் மீ. 35ல எதிர்த்தாக்குதல், பிரையன் எம்பியூமோ. அரை மணி நேரம் தாண்டி அஞ்சு நிமிஷத்துல 4-0.

அதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் நடந்தது ரிக்ரூட்மென்ட் இல்ல, பதட்டம். 30 வயசு கசெமீரோ 60 மில்லியன் பவுண்டுக்கு, நாலு வருஷ காண்ட்ராக்ட்ல. அப்புறம் ஆன்டனி, டென் ஹாக்கோட பழைய கிளப்பான அயாக்ஸ் விக்கவே மனசில்லாம இருந்தப்போ, இவங்களுக்கு அவசரம்னு உலகத்துக்கே தெரிஞ்சப்போ. அதுக்கும் முன்னாடி, பிரைட்டன் தோல்வியை ஒட்டி, போலோனியாகிட்ட 33 வயசு அர்னாவ்டோவிச்சை கேட்டு, ரசிகர்கள் கொதிச்சதும் வாபஸ். டென் ஹாக் ட்வென்டே கிளப்ல உதவிப் பயிற்சியாளரா இருந்த காலத்து ஆளு அவர். இதுல ஒரு பேட்டர்ன் தெரியுதில்லையா? புது ஊருக்கு வந்தவன் தெரிஞ்ச முகத்தைத் தேடற மாதிரி. மேனேஜர் அப்படித் தேடறது மனுஷ இயல்பு, கிளப்தான் வேற பேர் சொல்லியிருக்கணும்.

அந்த நாலாவது கோல் போட்ட எம்பியூமோவை ப்ரெண்ட்ஃபோர்ட் 2019ல ஃப்ரெஞ்சு ரெண்டாம் டிவிஷன்ல இருந்து 6 மில்லியன் பவுண்டுக்கும் கம்மியா எடுத்தாங்க. 2025ல யுனைடெட் அவரை வாங்கினது 65 மில்லியன், போனஸ் தனி.

ஆளுக்கு ஆள் பாத்தா

டென் ஹாக் வாங்கினதெல்லாம் குப்பைன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. அயாக்ஸ்ல அவர்கிட்ட ஆடின அஞ்சு பேரை அவர் இருந்தப்போ யுனைடெட் வாங்குச்சு: லிசாண்ட்ரோ மார்ட்டினஸ், ஆன்டனி, ஒனானா, டி லிக்ட், மஸ்ராவி.

மார்ட்டினஸ் 1.75 மீட்டர்தான் உயரம், இவரு எப்படி இங்கிலாந்துல செண்டர் பேக் ஆடுவார்னு டிவில சிரிச்சாங்க. முதல் சீசன்லயே வாயை அடைச்சார், நடுவுல உலகக் கோப்பையும் ஜெயிச்சுட்டு வந்தார். பிரச்சினை காயம்தான். மஸ்ராவி குடுத்த காசுக்கு நல்ல ஆளு, ரெண்டு பக்கமும் ஆடுவார்.

ஒனானா விஷயம் சிக்கல். டி கியா கால்ல பந்து நிக்காது, பின்னாடி இருந்து ஆட்டம் கட்டணும்னா கோல்கீப்பர் மாத்தணும்ங்கற யோசனை சரி. ஆனா கீப்பர் மாத்தினா மட்டும் பத்தாது, முன்னாடி நிக்கிறவன் பாஸ் வாங்க இடம் காட்டணும், யுனைடெட் பாதி மேட்ச்ல நீளமா அடிச்சு ஓடற டீமாத்தான் ஆடுச்சு. எதுக்கு வாங்கினோமோ அதை செய்யவே விடாம, எது அவருக்கு பலவீனமோ அதை மட்டும் வாரா வாரம் சோதிச்சாங்க. கலாட்டாசரே மேட்ச்ல ஸியெக் அடிச்ச ரெண்டு ஃப்ரீ கிக்கும் அவரால தடுக்க முடியாத பந்து இல்ல, அதையும் மறைக்க முடியாது.

கசெமீரோ: முதல் வருஷம் அவர் இல்லன்னா மூணாவது இடமும் இல்ல, 2023 பிப்ரவரி லீக் கப்பும் இல்ல, அந்த ஃபைனல்ல முதல் கோலே அவர் தலைதான். ரெண்டாவது வருஷம் கால் ஓயுது, 2024 மே மாசம் கிறிஸ்டல் பேலஸ்கிட்ட 4-0 வாங்கினப்போ அவரை செண்டர் பேக்கா நிறுத்தி பாவம் பண்ணாங்க. 2025 ஏப்ரல்ல லியோனோட கூடுதல் நேரத்துல 4-2ன்னு பின்தங்கி இருந்து 5-4ன்னு ஜெயிச்சப்போ கடைசி மூணு கோல்லயும் அவர் கால் இருந்துச்சு. ப்ளேயரா குறை சொல்ல மனசு வரல. ஆனா 30 வயசுக்காரரை 60 மில்லியனுக்கு நாலு வருஷம் எடுத்தா முடிவுல திருப்பி விக்க ஒண்ணும் இருக்காது, மொத்த 60ம் கரைஞ்சே தீரும்னு வாங்கின அன்னிக்கே தெரியும். அது கணக்குத் தப்பு, அவர் தப்பில்ல.

ஆன்டனி முதல் மூணு லீக் மேட்ச்லயும் கோல் போட்டார்னு இப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆர்சனல், சிட்டி, எவர்டன். மொத்தமா கிளம்பும்போது லீக்ல 5 கோல்தான், எல்லா போட்டியும் சேத்து 96 மேட்ச், 12 கோல். ஷெரிஃப் மேட்ச்ல பந்தோட ரெண்டு சுத்து சுத்திட்டு அடுத்த பாஸை வெளிய அடிச்சது, பாதி நேரத்துல மாத்தினது, அதுதான் எல்லார் மனசுலயும் நிக்குது. எப்பவும் வலது பக்கம் வாங்கி இடது காலுக்கு உள்ள வெட்டுவார், ரெண்டு மாசத்துல எல்லா லெஃப்ட் பேக்கும் படிச்சுட்டாங்க. 95 மில்லியன்ங்கற நம்பர் முதுகுல இல்லாம 30க்கு வந்திருந்தா சாதாரண தோல்வின்னு மறந்திருப்போம்.

ட்ரான்ஸ்ஃபர்ல டென் ஹாக்குக்கு வீட்டோ இருந்ததா பரவலா எழுதினாங்க. இருந்திருக்கலாம். வேண்டாம்னு சொல்ற உரிமை ஒரு மேனேஜருக்கு வேணும்தான். ஆனா வேணும்னு சொன்னதுக்கெல்லாம் செக் எழுதினது யார்? அந்த விலைக்கு "இது அதிகம், எந்திரிச்சு வாங்க"ன்னு சொல்ல கிளப்ல ஒரு ஆள் கூட இல்லன்னா அதை மேனேஜர் தலைல கட்டறது சௌகரியம், அவ்வளவுதான்.

அதே அயாக்ஸ் சரக்கு, வேற கடை

லிவர்பூலை உதாரணம் சொல்றது யுனைடெட் ரசிகனுக்கு கசக்கும், ஆனா வேற வழியில்ல. 2017ல அங்க மேனேஜரா இருந்த க்ளாப் மனசுல இருந்தது யூலியன் பிராண்ட்ட். ஸ்போர்ட்டிங் டைரக்டர் மைக்கேல் எட்வர்ட்ஸ் குழு சலாவை எடுங்கன்னு விடாம நச்சரிச்சாங்க, க்ளாப்பே பின்னாடி அதை ஒத்துக்கிட்டார். அங்க மேனேஜர் சின்ன ஆளு இல்ல, ஆனா அவரை மறுத்துப் பேச ஒரு நாற்காலி இருந்துச்சு.

2024 மே மாசம் க்ளாப் போனார். ஆர்ன ஸ்லாட் வந்தார். அந்த சீசனுக்குன்னு வாங்கின ஒரே சீனியர் ப்ளேயர் கியேசா, அவரும் அதிகமா ஆடல. பழைய மேனேஜரோட டீமை வச்சே நாலு மேட்ச் மிச்சம் இருக்கும்போது லீக் ஜெயிச்சாங்க. நடுவுல முக்கியமான ஆளு கிராவென்பெர்க், அவரும் அயாக்ஸ்ல டென் ஹாக்கிட்ட வளந்தவர், 2023ல பயர்ன் பெஞ்ச்ல இருந்து சுமார் 34 மில்லியன் பவுண்டுக்கு வந்தவர். 21 வயசு, விலை தணிஞ்ச நேரம், மூணு இடத்துல ஆட முடியும். அந்த இடத்துக்கு வாங்க நினைச்ச சூபிமெண்டி வர மாட்டேன்னதும் அவரையே பின்னாடி இறக்கினாங்க, சரியா போச்சு.

யுனைடெட்ல மேனேஜர் மாறினா என்ன ஆகுது? 4-2-3-1 ஆடின டீம்கிட்ட 2024 நவம்பர்ல புது மேனேஜர் அமோரிம் வந்து 3-4-3ன்னார். அந்த முறைல ஓரத்துல நிக்கிற விங்கருக்கு வேலையே இல்ல, விங் பேக்தான் வேணும், அது டீம்ல இல்ல. ஒரே நாள்ல ரேஷ்ஃபோர்ட், கார்னாச்சோ, ஆன்டனி, ஏற்கனவே செல்சிக்கு லோன்ல போயிருந்த சான்சோ நாலு பேரும் உபரிச் சரக்கு. உபரிச் சரக்குன்னு எதிராளிக்கு தெரிஞ்சா எவன் விலை குடுப்பான்? செல்சி சான்சோவை வாங்கியே ஆகணும்ங்கற ஒப்பந்தத்துல இருந்து 5 மில்லியன் பவுண்ட் தண்டம் கட்டி கழண்டுக்கிட்டாங்க, அதுவே அவங்களுக்கு மலிவுன்னு பட்டிருக்கு.

ரேட்க்ளிஃப் சொல்லாத பாதி

அவர் லிஸ்ட்ல இருந்த அஞ்சு பேரும் அவர் வர்றதுக்கு முன்னாடி வாங்கினவங்கதான், உண்மை. 2024 பிப்ரவரிலதான் அவர் 27.7 சதவீதம் வாங்கி ஃபுட்பால் பக்கத்தை கைல எடுத்தார். ஆனா அதுக்கு அப்புறம் நடந்ததையும் வரிசையா வையுங்க.

1. 2023-24ல லீக்ல 8வது இடம். சீசன் கடைசில எஃப்ஏ கப் ஃபைனல்ல சிட்டியை 2-1 அடிச்சதும் மனசு மாறி, வேற மேனேஜர்களோட பேசிப் பாத்த பிறகு, 2024 ஜூலைல டென் ஹாக் காண்ட்ராக்டை 2026 வரைக்கும் நீட்டிச்சாங்க.

2. அதே சம்மர்ல டி லிக்ட், மஸ்ராவி, ஜிர்க்ஸி, யோரோ, உகார்தே. இவங்கள்ல ரெண்டு பேர் மறுபடி அயாக்ஸ் பழைய முகம்.

3. அக்டோபர் 28ம் தேதி, 9 லீக் மேட்ச் முடிஞ்சு 14வது இடத்துல இருக்கும்போது வேலையை விட்டுத் தூக்கினாங்க. அவருக்கும் அவர் உதவியாளர்களுக்கும் நஷ்ட ஈடு 10.4 மில்லியன் பவுண்ட். நீட்டிக்காம விட்டிருந்தா இதுல பெரும்பகுதி மிச்சம்.

4. நியூகாசில்ல இருந்து காத்திருந்து கூட்டிட்டு வந்த ஸ்போர்ட்டிங் டைரக்டர் டான் ஆஷ்வொர்த், ஜூலைல சேந்து டிசம்பர்ல வெளிய. மேல நான் பக்கம் பக்கமா எழுதின அந்த "மாறாத ஆளு" பதவிக்கு வந்தவர் அஞ்சு மாசம் தாங்கல.

அந்த சீசன் முடிவு 15வது இடம், 42 பாயிண்ட், பில்பாவோல டாட்டன்ஹாம்கிட்ட யூரோப்பா லீக் ஃபைனல் தோல்வி. ஐரோப்பா வருமானம் இல்லன்னா அமார்டைசேஷன் சுமை மட்டும் அப்படியே நிக்கும், மேல இருக்குற வருமானம் குறையும், அதனாலதான் 2025 சம்மர்ல வாங்கினதை விட யாரை எப்படி வெளிய அனுப்பறதுங்கறதுக்குத்தான் அதிக நாள் போச்சு.

ஒரு விஷயம் நல்லா மாறியிருக்கு, அதையும் சொல்லணும். அந்த சம்மர்ல வந்த குன்யா, எம்பியூமோ ரெண்டு பேரும் ப்ரீமியர் லீக்ல ஏற்கனவே கோல் போட்டுக் காட்டினவங்க, ஷெஷ்கோவுக்கு அப்போ 22 வயசு, கீப்பர் லம்மென்ஸும் இளசு. மேனேஜரோட பழைய கிளப் முகம் ஒண்ணும் இல்ல. ஆனா குன்யாவும் எம்பியூமோவும் ஒரே ஏரியால உலாத்தற ஆளுங்க, அமோரிம் முறைக்குன்னே பாத்து எடுத்த மாதிரி இருக்கு. 3-4-3 போனா இவங்க ரெண்டு பேரையும் எங்க நிறுத்துறதுன்னு யாராவது அப்பவே யோசிச்சாங்களாங்கறதுதான் என் சந்தேகம்.

டென் ஹாக் 2025 சம்மர்ல லெவர்குசன் போனார். அங்க ஸ்போர்ட்டிங் டைரக்டர் உண்டு, விக்கிறது வாங்கறது எல்லாம் கிளப் முடிவு, விர்ட்ஸ், ஃப்ரிம்போங், ஷாகான்னு பெரிய தலைங்க ஒவ்வொண்ணா போயாச்சு. ரெண்டே ரெண்டு லீக் மேட்ச். செப்டம்பர் 1ம் தேதி வேலை போச்சு. அதே நாள்தான் பெட்டிஸ் ஆன்டனியை வாங்கிட்டோம்னு அறிவிச்சாங்க, அடுத்து அவரை வித்தா லாபத்துல பாதி யுனைடெட்டுக்குன்னு ஷரத்தோட.